தூண்டில் அண்ணை

ஸ்காபரோவில் பனி கரைந்ததும் தூண்டில் அண்ணைகள் வெளியே வருவார்கள். ஆளை அடையாளம் காண்பது சுலபம். முந்நூறு டொலர் தடி, அதைவிட விலைகூடிய றீல், இடுப்புவரை ஏறும் றப்பர் சப்பாத்து, ஆட்டை முழுசாய்ப் படுக்க வைக்கக்கூடிய ஐஸ் பெட்டி. இத்தனையையும் விலை கேளாமல் வாங்கியவர், லைசென்ஸ் என்றதும்தான் சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்க வேண்டும். முதலில் 8 டொலர் 57 சதத்துக்கு 'அவுட்டோர்ஸ் கார்ட்'. அது மூன்று வருடத்துக்குச் செல்லும். அதன்மேல் வருட லைசென்ஸ். 'ஸ்போர்ட்' என்றால் உள்ளூர்வாசிக்கு 26 டொலர் 57 சதம். 'கொன்சவேசன்' என்றால் 15 டொலர் 7 சதம்தான், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனின் அளவு குறையும். ஒன்ராறியோ ஏரியில் பேர்ச் மீன் முதலாவதற்கு 50, மற்றதற்கு 25.

இந்த இடத்தில் அண்ணை கணக்காளராகிவிடுவார். "பதினொண்டரை டொலர் கூடக் குடுத்தா இன்னும் 25 மீன். மீனுக்கு 46 சதம் விழுது தம்பி!" கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 25 ஒரு நாளைக்குரியது, லைசென்ஸோ வருடம் முழுவதற்கும். இதை எடுத்துச் சொன்னால் அண்ணைக்குக் காது கேட்காது. மலிவானதை எடுப்பார். 26ஆவது பேர்ச் தடியில் தொங்கும்போது, "இதென்ன, இதையும் மீனெண்டு எண்ணுறதே?" என்று பெட்டிக்குள் போடுவார்.

அடுத்த வழக்கு, இரண்டாவது தூண்டில். பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு ஒன்றுதான். அண்ணையிடம் இரண்டு இருக்கும். முன்பு மகனைக் கூட்டிவருவார். 18 வயதுக்குக் குறைந்த கனடாவாசிக்கு லைசென்ஸ் தேவையில்லை அல்லவா? மகன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, மகனுடைய தூண்டிலை அண்ணை பார்த்துக்கொள்வார். மகனுக்கு 18 ஆனதும் வீட்டில் கேக் வெட்டினார்கள். துக்கப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். வயது 69. பத்து வருடமாக அவருக்கு ஸ்பொன்சர் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட மருமகன், விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்து மனைவியே சந்தேகப்பட்டார்.

"65 தாண்டினா லைசென்ஸ் தேவையில்லை மாமா. நீங்க சும்மா தடியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அண்ணை சட்டத்தைப் படித்தவர்தான், பாதிவரை. வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஒன்ராறியோவாசி என்ற விலைக்கு லைசென்ஸ் எடுக்கவே, வீடு இங்கே இருக்க வேண்டும், முந்திய 12 மாதத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்திருக்கவும் வேண்டும். மாமனாரின் சூட்கேஸில் விமான நிலைய ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.

கொன்சவேசன் ஒபிசர் வந்தார். இவர்கள் சத்தம் போடுவதில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். வயதைக் கேட்டார். அண்ணை முந்திக்கொண்டு சொன்னார். பாஸ்போர்ட்டையும் நீட்டினார். எங்கே வசிக்கிறீர்கள் என்று ஒபிசர் மாமனாரைப் பார்த்துக் கேட்க, மனிதருக்கு விளங்கிய ஒரே கேள்வி அதுதான். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில், "ஜஃப்னா! ஒன் மந்த்!" என்றார். ஒபிசர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பேர்ச்சுகளை எண்ணத் தொடங்கினார். லைசென்ஸையும் பெட்டியையும் சோதிக்க மட்டுமல்ல, தடியையும் றீலையும் பறிமுதல் செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஒபிசர் போனபிறகு அண்ணையின் கோபம் அரசாங்கத்தின்மேல் திரும்பியது. "வந்தான் வரத்தானெண்டு பாக்கிறாங்கள்!" இதே அண்ணை செப்டெம்பரில் போட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றங்கரையில் நின்று தேடும் சின்னூக் சால்மனும் வந்தேறிதான். பசிபிக் பக்கத்து மீன். 1960களின் கடைசியிலிருந்து இந்த ஏரியில் குஞ்சு விட்டுவருகிறார்கள். லைசென்ஸ் காசு போவது இதுமாதிரி மீன்வள வேலைகளுக்குத்தான்.

இலவச நாட்களும் உண்டு: குடும்ப தினம், அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வார இறுதிகள், ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி ஒரு வாரம். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போடுவதுபோல் அண்ணை கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அந்த நாட்களும் கனடாவாசிகளுக்கே; மீன் எண்ணிக்கையும் கொன்சவேசன் கணக்குத்தான்.

ஆகவே, ஊரிலிருந்து மாமனார் வந்து தூண்டில் போட ஆசைப்பட்டால், வெளிநாட்டவருக்கான ஒருநாள் லைசென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். சுமார் 25 டொலர், அவுட்டோர்ஸ் கார்டும் தேவையில்லை. தடியை மட்டும் அவரே பிடிக்கட்டும்.