தண்ணி முத்திப்போச்சு

1989 கோடை. கோடியக்கரையிலிருந்து இருட்டோடு சைக்கிளில் கிளம்பினால் விடியும்போது உப்பளத்தில் இருப்பேன். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. மற்றவர்களுக்கு, வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பை வாரிக் கரையேற்றும் வேலை.

அங்கே அதிகாரம் முழுவதும் தண்ணியின் உப்புச் செறிவை டிகிரியில் காட்டுகிற ஒரு கண்ணாடிக் குழலில் இருந்தது. கடல் தண்ணி சுமார் 3 டிகிரியில் உள்ளே வரும். வெயிலில் சுண்டி 25ஐத் தொட்டால் உப்பு விளையத் தொடங்கும். 30 வரை விட்டுவிட்டால் மக்னீசியம் கூடி உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அதற்குள் பழைய தண்ணியை வடித்துவிட வேண்டும். எப்போது வடிப்பது என்று மேற்பார்வையாளர் ஒருவர்தான் சொல்வார். குழலை வேறு யாரும் தொடக்கூடாது.

ஒருநாள், இருபது வருஷமாகப் பாத்தியில் நின்ற அக்கா ஒருவர் தண்ணியை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் மாதிரி வழுக்கியது.

"தண்ணி முத்திப்போச்சுங்கய்யா, வடிச்சிடலாம்."

"உப்பு வார வந்தியா, எனக்குப் பாடம் சொல்ல வந்தியா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லு தம்பி." நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த உப்பு குவியலிலேயே கசிந்தது. வாங்கியவர் திருப்பி அனுப்பினார். குழல்தான் தப்புக் காட்டியிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் 'வாரியவர்களின் அசட்டை' என்று கூலியில் பிடித்தாகிவிட்டது. அதை எழுதியது என் கை. அதன்பிறகு பாத்தியில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுவருஷமும் அதே தப்பு நடந்தது.

பக்கத்து அகஸ்தியம்பள்ளியில்தான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜியின் தொண்டர்கள் வெள்ளைக்காரன் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். உப்புக்காக ஓர் அரசாங்கத்தையே எதிர்த்துப் பேசிய மண்ணில், முற்றிய தண்ணியை முற்றியது என்று சொன்னவருக்கும் கூலி போயிற்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து பாத்திகளைக் கடல் சேற்றால் மூடியது. சேற்றை அள்ளிப்போட்டு மறுபடி தொடங்கிய ஒரு சிறிய உப்பளத்துக்கு இப்போது அவ்வப்போது போகிறேன். அங்கே குழல் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். காலையில் வரப்பில் நின்று பேசுகிறார்கள். முதலில் உரத்த குரல்காரர்கள் மட்டுமே பேசினார்களாம். பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள்: பாத்தியில் நிற்பவர் முதலில், உடைமைக்காரர் கடைசியில். யார் என்ன சொன்னார், டிகிரி எவ்வளவு, கடைசியில் எது சரியாயிற்று என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதுகிறார்கள். போன வருஷத்துத் தப்பு இந்த வருஷம் பாடமாவது அந்த நோட்டினால்தான்.

'தாராளமாகப் பேசுங்கள்' என்றால் மட்டும் போதாது. பேசினால் கூலி குறையாது என்ற நம்பிக்கை வந்தால்தான் உண்மை வெளியே வரும்.

ஆனால் கூலியை ஏற்றுவது பற்றிப் பேச்சு எழுந்தால் அங்கேயும் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நானும் பார்த்தவன். போன வாரம், எல்லோரும் நிற்கும்போதே சொல்லிவிட்டு வந்தேன்: "நோட்டில் கூலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்."