டார்கெட் ஆடியன்ஸ் எந்த ஊருங்க?

பெறுநர்:
திறன் கல்விப் பிரிவு,
மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், டெல்லி.

ஐயாமார்களே, அம்மணிகளே,

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் திறன் பாடங்கள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு, அழகுக்கலை, கைவினை, சுற்றுலா, நிதியறிவு என்று போகும் அந்த வரிசையில் மார்க்கெட்டிங்கும் உண்டு. ஒவ்வொன்றும் 12 முதல் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு ஜோடிக் காளைக்கு விலை படியவே சில சமயம் அதைவிட அதிக நேரம் ஆகிறது. உங்கள் வேகத்தைப் பார்த்து மலைத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், அடுத்த வருசமும் அங்கேதான் படிக்க வேண்டும். மார்க்கெட்டிங் பாடத்துக்காகக் குழுக் குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளை வடிவமைத்து வரச் சொன்னார்கள். இவள் குழு விசிறி வைத்த ஜியாமெட்ரி பாக்ஸைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது அவர்கள். தெர்மாகோல் அறுத்தது நான், மினுக்குத் தாள் ஒட்டியது அவள் அம்மா, லோகோ போட்டுக் கொடுத்தது பிளக்ஸ் கடைப் பையன். விலை 99 ரூபாய். ஏன் 99 என்றேன். "நூறுன்னா வாங்க மாட்டாங்கப்பா" என்றாள். செய்வதற்கு என்ன செலவாகும் என்றேன். அதற்கு மார்க் இல்லையாம்.

முதல் பரிசு கிடைத்தது, பேக்கேஜிங்குக்காக. பெட்டியைத் திறந்து பார்க்க நடுவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும்.

மாட்டுத் தரகிலேயே தலை நரைத்த என் மாமனார், அவள் அப்பிச்சிதான் காரியத்தைக் கெடுத்தார். "ஏங் கண்ணு, இத ஆரு வாங்குவா?" என்று கேட்டார்.

"டார்கெட் ஆடியன்ஸ், அப்பிச்சி."

"அவிய எந்த ஊரு? அங்க சந்தை என்னைக்கு?"

பிள்ளை நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அதில் ஆங்கிலத்தில் நான்கு 'பி' இருந்தது: பொருள், விலை, இடம், விளம்பரம். 1960இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் கட்டிக் கொடுத்த மூட்டை. சந்தை என்றைக்கு என்பது மட்டும் இல்லை.

நீங்கள் அந்தியூருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகையின்போது வாருங்கள். குதிரையும் மாடும் கூடும் பெரிய சந்தை அது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். இத்தனை காலமாகச் சம்பளம் கேட்காமல் உழைக்கும் பிராண்ட் அம்பாசடர் வேறு எந்தக் கம்பெனிக்கு வாய்த்திருக்கிறார்? மலையிலிருந்து இறங்கும் பர்கூர் மாட்டுக்கு லோகோ தேவையில்லை. செந்நிறத் தோலில் வெள்ளைத் திட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அங்கேயும் விற்பவன் புகழத்தான் செய்வான், எவன் தன் மாட்டைக் குறை சொல்லி விற்றான்? ஆனால் வாங்க வந்தவன் அதைக் காதில் போட்டுக்கொண்டே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பால்பல்லா, இரண்டு பல்லா, நாலு பல்லா என்று எண்ணுவான். சுழி பார்ப்பான். நடக்கவிட்டுப் பார்ப்பான். கறவையாக இருந்தால் கறந்து காட்டச் சொல்வான். அப்புறம்தான் தரகர் துண்டை விரிப்பார். துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரலை அழுத்தி விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. எந்தக் காளைக்கும் இதுவரை 99 என்று முடியும் விலையை நான் கேட்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டு ஈரோட்டு மண்டியில் மூட்டைக்கு விலாசம் எழுதவும் சரக்கை ஏலம் கூறவும் போன ஒரு பையன்தான் பிற்பாடு பெரியார் ஆனார். உங்கள் பாடம் அன்று இருந்திருந்தால் சார்ட் பேப்பரில் மூட்டை வரைந்திருப்பார்.

உடனே தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊரே அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தது. 1954இல் காமராஜர் எடுத்துவிட்டார். அது திரும்ப வர வேண்டாம். தரகர் பேத்தி தரகராக வேண்டும் என்று தரகரே நினைக்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவள் எதையும் விற்கப் போவதில்லை, தினமும் வாங்குகிறாள். பள்ளிக்கூட வாசலில் தொங்கும் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு அவள்தான் டார்கெட் ஆடியன்ஸ். இந்தச் சங்கதியை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே செய்முறைத் தேர்வைக் கொஞ்சம் மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுங்கள். நிகர எடை எங்கே அச்சாகியிருக்கிறது? தயாரித்த தேதி எது? 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா? முன்பு இதே பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம் இருந்தது? பழைய பாக்கெட் யார் வீட்டு அலமாரியிலாவது கிடக்கும், வீட்டுப்பாடமாகத் தேடச் சொல்லுங்கள். விலையை அசைக்காமல் எடையை மட்டும் குறைப்பது எப்படி என்பதைவிட நல்ல மார்க்கெட்டிங் பாடம் ஏதாவது இருந்தால் எழுதித் தெரிவிக்கவும். கடைசியாக, பாக்கெட்டில் பாதி எதனால் நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். என் மகள் சரியாகச் சொல்வாள், அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலும் பெரும்பாலும் அதுதான் இருந்தது.

இரண்டாவது, 2020 கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டு வரை புத்தகப் பை இல்லாத 10 நாள் உண்டு. தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் முதலானோரிடம் பிள்ளைகள் தொழில் பழகலாமாம். தரகர் பெயர் அதில் இல்லை. அந்த 'முதலானோர்' கூட்டத்தில் எங்கள் மாமனாரையும் ஓரமாக நிற்க வையுங்கள். அந்தப் பத்து நாளில் ஒரு நாளையாவது சந்தைக்கு ஒதுக்குங்கள்.

புறத்தேர்வாளராக வர அவருக்கும் சம்மதம்தான். மதிப்பூதியம் எவ்வளவு என்று மட்டும் கேட்கச் சொன்னார். கடிதத்தில் எழுத வேண்டாமாம். வாரியத்திலிருந்து யாராவது ஒருவர் கையை நீட்டினால் போதும், துண்டு அவரிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
முதல் பரிசுக்குத் தெர்மாகோல் அறுத்தவன்,
அந்தியூர்.