டாட்காம்: பொருளும் பயன்பாடும்

டாட்காம் என்பது இணையத்தில் கடை விரித்து, இணையத்திலேயே கல்லா கட்டும் நிறுவனம். கல்லாவில் காசு விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. சரக்கு, லாபம் போன்ற பழைய சம்பிரதாயங்களை 1990களின் இறுதியில் ஒழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பெயரின் வாலில் டாட்காம் ஒட்டிக்கொண்ட நிறுவனங்களின் பங்குகள், அறிவிப்பை ஒட்டிய 10 நாளில் சந்தையைவிட சுமார் 74 விழுக்காடு கூடுதலாக ஏறின. தொழிலை மாற்றும் சிரமம்கூட இல்லை. 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்போவே, இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. செருப்புக்கடை விலைச்சீட்டின் நேர்த்தி அந்த எண்ணில் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சி இந்த ஞானத்தைத் தவறவிட்டது. 1909இல் மோனசைட் கனிமம் கண்டறியப்பட்ட அந்தக் கரையில், இன்றும் கருமணலை அள்ளி, காந்தத்தில் இல்மனைட் கனிமத்தைப் பிரித்து, எடைபோட்டு விற்கிறார்கள். ஒரு கைப்பிடி அள்ளினாலே கனக்கிறது. முதலீட்டாளருக்கு உகந்த குணமல்ல.

2000 மார்ச்சுக்குப் பின் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் சரிந்து, டாட்காம்கள் பல காணாமல் போயின. மணவாளக்குறிச்சியில் மணலை எடுக்கும் பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ரேர் எர்த்ஸ், ஒருவழியாக 2019இல் பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயர் ஐஆர்இஎல் (இந்தியா) லிமிடெட். அப்போதும் டாட்காம் சேர்க்கவில்லை.