ஐந்தாவது ஆள்

நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் மருத்துவக் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டியின் கூட்டத்தில் மேசையின் கடைசி நாற்காலி ஒருவருக்கென்றே இருக்கும். அநேகமாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சட்டைப்பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று சிவப்பு. பொதுமக்கள் பிரதிநிதி என்று பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் இவரிடம் எதிர்பார்ப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த வேலை எதிலும் இருந்திருக்கக் கூடாது. விஷயம் தெரியாதிருப்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கும் உத்தியோகம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. புதிய மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, குறைந்தது ஐந்து பேர் வேண்டும். மருத்துவ விஞ்ஞானி, மருத்துவர், வக்கீல், சமூகவியலாளர் எல்லாம் வந்து உட்கார்ந்தாலும் இவர் வராமல் கோரம் நிறையாது. அதனால் போன் போட்டு, கார் அனுப்பி அழைத்து வருகிறார்கள். வந்ததும் முந்திரிப் பக்கோடாத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, வாய் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறார்கள்.

அவர் திறப்பார். சாம்பிள் சைஸ் பற்றிப் பேராசிரியர்கள் அரைமணி நேரம் மோதி ஓய்ந்ததும், “நோயாளிய மூணு தடவை கூடுதலா வரச் சொல்லியிருக்கீங்களே தம்பி, பஸ் சார்ஜ் யார் குடுப்பா?” என்பார். ஆய்வை முன்வைக்கும் பி.ஜி. (முதுநிலை) மாணவர் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். எதிலும் பஸ் இருக்காது. “10 மி.லி. ரத்தம்னு போட்டிருக்கீங்க. ரெண்டு டீஸ்பூன்னு சேர்த்து எழுதினா பாட்டிக்குப் பயம் போகும்.” “சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்திருக்கீங்க. நீங்க படிச்சு முடிச்சுப் போயிட்டா?” சிரிப்பு எழும். ஆனால் அன்றைக்கு நோயாளி பக்கம் நின்று கேட்கப்பட்ட கேள்விகள் இவை மட்டும்தான். பங்கேற்பவரின் கண்ணால் நன்மை தீமையைப் பார்ப்பதுதான் இவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையும்கூட.

காலம் வீணாகிறது என்பது பி.ஜி.க்களின் புகார். மூன்று வருடப் படிப்பில் தீசிஸுக்கு அனுமதி தள்ளிப்போவது விளையாட்டில்லைதான். அது வராமல் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்க முடியாது. ஒற்று மிகுமா மிகாதா என்று அவர் சிவப்புப் பேனாவோடு பாய்வதும் கொஞ்சம் அதிகப்படி. ஆனால் படிவம் ஏன் திரும்பி வருகிறது? சீனியரின் ஒப்புதல் படிவத்தைக் காப்பியடித்து, சர்க்கரை நோய் ஆய்வின் மூன்றாம் பக்கத்தில் ‘தங்கள் ஆஸ்துமா’ என்பதை அப்படியே விட்டுவைத்தால் வேறென்ன நடக்கும்? அதைப் பிடிப்பவரும் இவரே. தமிழ்ப் பக்கங்களைக் கடைசிவரை படிக்கிற ஆள் அங்கே வேறு யார்?

அறிவியல் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வுத் திட்டத்துக்கு அறிவியல் தெரிந்தவர்கள் குறைவில்லை. ஆனால் பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. “அப்பா அம்மா எங்கே?” என்று கேட்க எம்.டி. வேண்டாம். லீவ் லெட்டரில் கள்ளக் கையெழுத்துப் பிடித்தே காலம் தள்ளிய தலைமையாசிரியர் போதும்.

இவரைப் பொறுக்கியெடுப்பதே கல்லூரிதானே, டீனின் வாக்கிங் நண்பர் எப்படி எதிர்த்துப் பேசுவார் என்பது மட்டும் கனமான ஆட்சேபம். ஆனால் நட்பைவிட மோசமாக அவரைக் கெடுப்பது பழக்கம். மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான ஜி.சி.பி. பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வருவார், நாலைந்து கூட்டம் போனதும் “ராண்டமைசேஷன் சரியா இருக்கா? பி வேல்யூ என்ன தம்பி?” என்று ஆரம்பித்துவிடுவார். பஸ் சார்ஜ் மறந்துபோகும். அன்றே பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டு, பி வேல்யூவைக் கேள்விப்பட்டே இராத இன்னொருவரைத் தேட வேண்டும். கல்லூரிகளோ, சார் இப்போதுதான் நன்றாகத் தேறியிருக்கிறார் என்று இன்னொரு தவணை நீட்டிக்கின்றன.