கேத்தி ஸ்டேஷனில் கமல்

கேத்தி ரயில் நிலையத்துக்குப் போய், அங்கே இருப்பதை இருக்கிறபடியே பார்த்து எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. ஆசையைக் கிளப்பிவிட்டவர் ஹுஸ்ஸர்ல் என்ற ஜெர்மன் தத்துவவாதி. நிகழ்வியல் என்று தமிழில் சொல்லப்படும் துறைக்கு மூலவர். 1900-01இல் வெளிவந்த நூலில் தொடங்கி, ஆயுள் முழுக்க அவர் மல்லுக்கட்டியது ஏறக்குறைய இதற்காகத்தான்: நீ படித்தது, நம்புவது, கேள்விப்பட்டது எல்லாவற்றையும் சற்று ஒதுக்கி வை, உனக்கு எது எப்படித் தோன்றுகிறதோ அதை மட்டும் விவரி. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஊட்டியில் குடியிருக்கிறவனுக்குத் தோன்றுவதற்கா பஞ்சம்?

பிளாட்பாரத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. நோட்டைப் பிரித்து, மனதைக் காலி செய்து, பார்த்தேன். விழுந்த முதல் வரி: “எந்தக் கம்பத்தில் கமல் மோதினார்?”

1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி இங்கே எடுத்ததுதான். ரயிலில் ஸ்ரீதேவி, கீழே மழையில் நனைந்தபடி குரங்குச் சேட்டை செய்யும் கமல். அதை ஒதுக்கி வைக்க முயன்றேன். ஒதுக்க ஒதுக்க அவர் மேலும் பலமாகக் கத்தினார். அடுத்த வரியில் பனியைத் திரை என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்த வரியில் அந்தத் திரையை அடித்திருந்தேன். அதோடு நின்றது என் நிகழ்வியல். குன்னூர் பக்கமிருந்து வண்டி வந்தது. சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். அவர்களுக்கும் கம்பம்தான் வேண்டியிருந்தது.

நமக்கு வராதது வேறு யாருக்காவது வந்ததா என்று தேடியபோதுதான் ரிவர்ஸ் அகப்பட்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் மருத்துவர், உளவியல்காரர், பிற்பாடு மானுடவியல்காரர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து, அங்குள்ள தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் சில மாதங்கள் அலைந்தார். 1906இல் வெளிவந்த அவருடைய ‘தோடர்கள்’ இன்றும் பேசப்படுகிற புத்தகம். எருமை, பால்கோயில், ஈமச்சடங்கு, வம்சாவளி என்று எழுதித் தள்ளியவர், தோடர்களின் கண்ணையும் மூக்கையும் தோலையும் சோதிக்கிற கருவிகளையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். காட்டில் வாழ்கிறவர்களுக்குப் புலன்கள் அபாரக் கூர்மை என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்த ரிவர்ஸுக்கு அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தட்டுப்படவில்லை.

அந்த மூட்டையில் ஒரு படம் இருந்தது. இரண்டு கோடுகள், ஒன்றின் நுனிகளில் அம்புமுனைகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நீளம் ஒன்றுதான், ஆனால் விரிந்தது பெரிதாகத் தெரியும். முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் 1889இல் போட்டது. இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் இதில் ஏமாறவில்லை. செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் வரும் இன்னொரு படத்திலோ தோடர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். படிப்பு, நாகரிகம், மூளை என்று எந்த ஒற்றைத் தராசிலும் நிறுக்க முடியாத முடிவு. எனக்கு இதில் ஏக மகிழ்ச்சி. நாற்பத்து சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1945இல், பிரெஞ்சுக்காரரான மெர்லோ-போந்தி தன் ‘புலனுணர்வின் நிகழ்வியல்’ நூலின் தொடக்கத்திலேயே இதே கோடுகளை இழுத்து வருகிறார். பார்க்கிறவனின் அனுபவத்தில் அவை சமமும் அல்ல, சமமற்றவையும் அல்ல. சமமா என்கிற கேள்வியே ஸ்கேல் வைத்திருக்கிறவனுடையது என்பது அவர் கட்சி. நீலகிரி மந்தில் காட்டிய படம் பாரிஸ் தத்துவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

உடனே மளிகை ரசீதின் பின்பக்கம் அந்தக் கோடுகளை வரைந்துகொண்டு சேரிங் கிராஸ் பக்கம் கிளம்பினேன். டீக்கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், “ரெண்டும் ஒண்ணுதான் சார், வாட்ஸ்அப்ல வந்துச்சே” என்றார். ஹுஸ்ஸர்ல் ஒதுக்கச் சொன்ன முன்னறிவு என்பது இதுதான் போலும். அடுத்து, ஸ்வெட்டர் பிரித்துத் தைத்துத் தரும் டெய்லர். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “கீழ உள்ளதுதான் பெருசு” என்றார். எனக்கு உள்ளூரக் குதூகலம். அப்படித் தெரியும், ஆனால் உண்மையில் சமம் என்று மெர்லோ-போந்தியை அவிழ்த்தேன். அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தார். “கால் இஞ்சு கூட இருக்கு சார். நீங்க சரியா வரையல.”

பாரிஸ் அன்றைக்கு வேறு யாரிடமும் போகவில்லை.

ரிவர்ஸின் இன்னொரு கூத்து இங்கிலாந்தில் நடந்தது. தோல் உணர்ச்சியை நோயாளிகள் சரியாக விவரிக்க மாட்டேன் என்கிறார்களே என்று ஹென்றி ஹெட் என்ற லண்டன் நரம்பு மருத்துவருக்குக் குறை. 1903 ஏப்ரல் 25 அன்று தன் இடது முன்கை நரம்பை அறுத்துத் தைக்கச் சொல்லிவிட்டார். பிறகு நாலு வருஷத்துக்கும் மேலாக, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கேம்பிரிட்ஜ் போய் ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடி உட்காருவார். ரிவர்ஸ் பஞ்சால் வருடுவார், ஊசியால் குத்துவார், சுட்டதும் குளிர்ந்ததும் வைப்பார். என்ன தெரிகிறது, எங்கே தெரிகிறது என்று ஹெட் சொல்ல வேண்டும். இடம் குறித்துச் சொல்ல முடியாத முரட்டு வலி முதலில் திரும்பியது. மென்மையான தொடுகை வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. 1908இல் பிரசுரித்தார்கள். அவர்கள் கட்டிய கோட்பாட்டை அப்புறம் வந்தவர்கள் குடைந்துவிட்டார்கள். அந்தப் பொறுமையை யார் குடைவது?

நான் நரம்பெல்லாம் அறுக்கவில்லை. ஜனவரி விடிகாலையில் குழாயடியில் கண்ணை மூடிக் கையை நீட்டினேன். “குளிர்ந்தது” என்று எழுதினேன். சற்றுக் கழித்து, “மிகவும் குளிர்ந்தது.” அதற்குள் மனைவி, டேங்க் காலியாகிறது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

சரி, என் அனுபவம் வேண்டாம், வாழ்ந்து பார்த்தவர்களிடம் கேட்போம் என்று கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் நின்றேன். தோட்டத் தமிழர்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பத்து அக்கா ஒருவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். “பறிக்கும்போது உங்கள் கைக்குள் என்ன நிகழ்கிறது?” என்று, இன்று நினைத்தாலும் கூசுகிற தமிழில் கேட்டேன்.

“கையில என்னா சார் இருக்கு? கண்ணு அடுத்த செடியில இருக்கும், கை பாட்டுக்கு எடுக்கும். இப்ப பாருங்க, நீங்க கேட்டதால கையப் பாத்தேன், முத்தல வந்திருச்சு.” முற்றிய இலையைப் பையிலிருந்து பொறுக்கி வீசினார். மெர்லோ-போந்தி பக்கம் பக்கமாக எழுதியது, இரண்டு வாக்கியத்தில். பரவசத்தில் மேலும் கேட்டேன், மேலும் கேட்டேன். அவர் கை நின்று நின்று நகர்ந்தது. நிரையில் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள்.

ரிவர்ஸிடம் ரகசியங்களைச் சொன்ன தோடர் வீடுகளில் சாவும் நோயும் வந்ததாம். வெள்ளைக்காரரிடம் வாய்விட்டதுதான் காரணம் என்று குறி சொல்கிறவர்கள் சொல்ல, பலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மறைக்காமல் தன் புத்தகத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார் மனிதர்.

“மேஸ்திரி வர்றாரு, தள்ளி நில்லுங்க சார்” என்றார் அக்கா. “இன்னிக்கு எடை கொறஞ்சா நீங்கதான் வந்து சொல்லணும்.” சிரித்தபடிதான் சொன்னார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். அவர்கள் பையை எடை போடும் நேரத்தில் நான் ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அவர் சொன்னதைச் சுடச்சுட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.