பழவேற்காட்டுப் பொம்மையின் இனமும் காலமும்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு காயலான் கடை. கிழிந்த வலைக்கும் துருப்பிடித்த நங்கூரத்துக்கும் நடுவே கிடந்தது அந்தப் பஞ்சுப் பொம்மை. விலை 40 ரூபாய். ஒரு சாண் உயரம். வலக்காது மட்டும் உண்டு. வலக்கண் கண்ணாடி, இடக்கண் நாலு ஓட்டைச் சட்டைப் பொத்தான். "இன்னா சார் இது?" என்று நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைக்காரர் என்னைக் கேட்டார்.

இனம்: கரடி, நாய், குரங்கு என்று மூன்று கட்சி (காண்க: டீக்கடை பெஞ்சு, காலை அமர்வு). பூநாரை என்றார் ஒருவர். கால் எங்கே என்றதும் எழுந்து போய்விட்டார்.

காலம்: டச்சுக்காரர் விட்டுச்சென்றது என்பது உள்ளூர்த் துணிபு. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய பாவத்துக்கு, இந்த ஊரில் எது அகப்பட்டாலும் அவர்கள் தலையில்தான் விடிகிறது. கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூடு செதுக்கியவர்களா பிள்ளைக்குப் பஞ்சுப் பொம்மை வாங்கியிருப்பார்கள்? தவிர, 1824 ஒப்பந்தத்தோடு அவர்கள் இந்தியாவைக் கைகழுவிவிட்டார்கள். டெடி கரடி பிறந்ததோ 1902இல்.

இனி இடக்காது. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் 1904 முதல் தன் பொம்மைகளின் இடக்காதில் உலோகப் பொத்தான் பதித்து வருகிறது. நம் பொம்மைக்கு இடக்காதே இல்லை. பொத்தான் இல்லாத இடக்காது ஒன்று இருந்திருந்தால் இது ஸ்டைஃப் அன்று என ஆகியிருக்கும். அப்படியொரு காது இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே இது ஸ்டைஃப். வலக்காது ஏன் தப்பியது என்று கேட்பவர்களுக்கு: விலையுள்ள காதைத்தானே திருடன் அறுப்பான்! (காண்க: நண்டு விற்கும் ஆயா, வாய்மொழி, இரண்டாம் கூடை, அடிப்பக்கம். அதே ஆயாவின் மறுப்புரை: "நாய் கட்சிருக்கும், போப்பா." மறுப்புக்கு மறுப்பு: அவர் மருமகள், வேறு விஷயமாக.) எதிர்ச்சான்றை அடைப்புக்குறிக்குள் அடக்கம் செய்வது ஆய்வுலக மரபு.

அகழாய்வு: முதுகுத் தையலைப் பிரித்து, டீ ஸ்பூனால் அடுக்கடுக்காகத் தோண்டினேன். முதல் அடுக்கில் நைலான் வலைத் துண்டுகள், இறால் ஓடு ஒன்று. இரண்டாவதில் கட்டம் போட்ட கைலித் துணி. மூன்றாவதில் இலவம்பஞ்சு. பழைய ஸ்டைஃப் கரடிகளுக்குள் இருப்பது மரச்சீவல். இங்கே ஒரு இழைகூட இல்லை. கரையான் தின்றிருக்கும். நைலான் 1935இல் கண்டுபிடிக்கப்பட்ட சரக்காயிற்றே என்றால், அது இடைச்செருகல். கைலிதான் முக்கியம். மலாய்க்காரர்கள் இன்றும் கைலியை இந்த ஊர்ப் பெயரால் 'காயின் பெலிக்காட்' என்றே சொல்கிறார்கள். எனவே பொம்மை ஜெர்மனியிலிருந்து மலேயா போய், அங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு இங்கே கரையிறங்கியது உறுதியாகிறது. கையகலத் துணியிலிருந்து கடல்வணிகம் நிறுவுவது என் கண்டுபிடிப்பு அன்று. ஒற்றை ஓட்டாஞ்சில்லில் ஏறி ரோமாபுரிவரை போய்வந்தவர்கள் எனக்கு முன்னோடிகள்.

இறால் ஓடு பற்றித் தனி நூல் வரும்.

ஏரிக்கரையில், லைட் ஹவுஸ் குப்பம் பக்கமோ கோட்டைக்குப்பம் பக்கமோ, அந்த இடக்காது யார் கண்ணிலாவது பட்டால் தெரிவிக்கவும். பொத்தான் இல்லாத காது என்றால் வேண்டாம். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.