மத்தியானத் தீபம்

மனிதன் தேசம் விட்டுத் தேசம் போனால் பாஷையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, உடையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, காலைப் பலகாரத்தைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் எல்லாரும் அறிந்த சங்கதி. ஆனால், ஜடப் பொருளென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மோட்டார் காருக்கும் ஒரு பிரஜா உரிமை உண்டு, ஒரு தேசத்தில் அதற்கு ஆசாரமாயிருப்பது பக்கத்துத் தேசத்தில் அனாசாரமாகிவிடும் என்பதை, மிச்சிகன் மாகாணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு ஜாகை மாற்றிக்கொண்ட சமயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

டெட்ராய்ட்டுக்கும் விண்ட்ஸருக்கும் நடுவே ஒரு நதிதான் எல்லை. 1929-ல் திறக்கப்பட்ட அம்பாஸடர் பாலத்தில் ஏறி இறங்கினால் வேறு ராஜ்யம். நதி அந்த இடத்தில் வளைந்து ஓடுவதால், அமெரிக்காவுக்கு வடக்கே இருக்கிற கனடாவுக்கு அங்கே தெற்கு நோக்கித்தான் போகவேண்டும் என்பது ஒரு விசேஷம். இந்தப் பூகோள விநோதத்தை நான் ரசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேனே தவிர, தெற்கே போகப் போக வெளிச்சம் அதிகம் வேண்டும் என்று ஒரு சர்க்கார் என்னிடம் சொல்லப்போகிறது என்று எதிர்பார்க்கவில்லை.

அமெரிக்காவை விட்டு ஒரு வண்டி வெளியேறுவதானால் 72 மணி நேரம் முன்னதாகவே அதன் உரிமைப் பத்திரத்தைச் சுங்க அதிகாரிகளுக்குக் காட்டிவிட வேண்டும். கனடாவுக்குள் நுழைந்தாலோ, 45 நாளைக்குள் அதைப் பரீட்சைக்குக் கொண்டுபோய், கனடாவுக்கு ஏற்றதாகிவிட்டது என்று முத்திரை வாங்க வேண்டும். சுங்கச் சாவடியில் இருந்த அம்மாள் பாரத்தை என் கையில் கொடுத்து, வெகு பிரியமாகச் சிரித்து, “பகல் விளக்கை மறந்துவிடாதீர்கள்” என்றாள். ஏதோ பண்டிகையின் பெயராக்கும் என்று எண்ணி நானும் பிரியமாகவே தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வாகன விளக்குகளைப் பற்றிய விதிக்கு அமெரிக்காவும் சரி, கனடாவும் சரி, சொல்லிவைத்தாற்போல் 108 என்றே எண் கொடுத்திருக்கின்றன. வேறு எந்த எண்ணாயிருந்தாலும் நான் அசட்டையாக இருந்திருக்கக்கூடும். நூற்றெட்டு என்றவுடன் அஷ்டோத்தரம், பிரதட்சிணம், தேங்காய் உடைத்தல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து தானாகவே ஒரு பயபக்தி உண்டாகிவிட்டது. ஆனால் எண் ஒன்றாயிருந்தும் சாஸ்திரம் வேறு. 1989 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தயாரான எந்தக் காரும், ஓட்டுகிறவன் விசையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், பட்டப்பகலிலே முன்பக்கம் விளக்கெரியத்தான் ஓடவேண்டும் என்பது கனடாவின் கட்டளை. அமெரிக்காவோ, இஷ்டமிருந்தால் எரித்துக்கொள் என்று 1993-ல் அனுமதித்ததே தவிர, எரி என்று ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை.

பகலில் விளக்கு எரிந்தால் லக்ஷ்மி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்று சொல்லி, எரிகிற விளக்கைத் தேடித் தேடி அணைத்துக்கொண்டிருந்த பாட்டியின் கையில் வளர்ந்தவன் நான். ஆகையால் இந்த விதியில் என் மனம் உடனே லயிக்கவில்லை. விசாரித்ததில், இது வடதுருவத்தை அடுத்த தேசங்களில் பிறந்த வழக்கம் என்று தெரிந்தது. அங்கே குளிர்காலத்துச் சூரியன் அடிவானத்தைவிட்டு மேலே வருவதற்கே சோம்பல்படுகிறான். அந்தி ஒளியில் சாம்பல் நிறச் சாலையில் வரும் சாம்பல் நிற வண்டி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனவே, பின்லாந்து 1972-ல் ஊருக்கு வெளியே போகும் சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்துவைக்க, ஸ்வீடன் 1977-ல் வருஷம் முழுவதற்குமே கட்டாயமாக்கிவிட்டது. விளக்கு, சாலையை நமக்குக் காட்டுவதற்கு அல்ல. நம்மைச் சாலைக்குக் காட்டுவதற்கு. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இல்லாமலில்லை. பாட்டியிடம் இதை எடுத்துச் சொல்லி ஜயிக்க முடியும் என்ற நம்பிக்கை மட்டும் எனக்கு இன்றைக்கும் கிடையாது.

விளக்கு விஷயத்தில் ஒவ்வொரு தேசமும் தனித்தனி ஸ்மிருதி எழுதி வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1993 வரையில் தங்கள் கார்களின் முன்விளக்கு மஞ்சளாகத்தான் எரியவேண்டும் என்று விதித்திருந்தார்கள். அமெரிக்கர்கள் 1940 முதல் 1983 வரையில் கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட, குறிப்பிட்ட அளவுள்ள விளக்கைத் தவிர வேறெதையும் அனுமதிக்காததால், ஐரோப்பாவிலிருந்து வந்த அழகான கார்களெல்லாம் கப்பலிலிருந்து இறங்கும்போது தங்கள் சொந்தக் கண்களை இழந்து பொதுக் கண்களோடு ஊர்வலம் வந்தன. பின்னால் வருகிறவனுக்குத் திரும்பப் போகிறேன் என்று தெரிவிக்கும் விளக்கு சிவப்பாக இருந்தாலும் அமெரிக்காவில் குற்றமில்லை. ஜெர்மனியில் அது மஞ்சளாகவே இருந்தாக வேண்டும். இவ்வளவு சங்கடங்களுக்கு நடுவே என்னைக் கேட்டது ஒரே ஒரு வெள்ளை விளக்கு என்பதால், என் பாடு சுலபம் என்று எண்ணினேன்.

விளக்கை வெளியே வாங்கவும் வேண்டியதில்லை. முன்விளக்கின் அடியோரத்தில் மெல்லிய வெள்ளைப் பட்டையாக அது ஏற்கெனவே இருந்தது. அதற்குப் போகும் கம்பியும் இருந்தது. எரிவதற்கு உத்தரவுதான் இல்லை. அந்த உத்தரவு காரின் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் ஓர் இலக்கத்தை மாற்றுவதால் பிறப்பது. ஆகவே, மிச்சிகனில் வண்டி விற்ற கம்பெனியின் பணிமனைக்கே திரும்பிப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர், “கனடாவுக்குப் போய்விட்டீர்களா? மிகவும் சந்தோஷம். கனடா விளக்கைக் கனடாவில் கேளுங்கள்” என்று கைகுலுக்கி வழியனுப்பிவைத்தார். கனடாவில் அதே கம்பெனியின் பணிமனையில் இருந்த இளைஞரோ, காரின் பதினேழு எழுத்து அடையாள எண்ணைத் தம்முடைய யந்திரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, மிகுந்த அனுதாபத்துடன், “இது அமெரிக்க வண்டி, அமெரிக்க வண்டிக்குப் பகல் விளக்கு விதிக்கப்படவில்லை என்று தலைமை யந்திரம் சொல்கிறது” என்றார். அதை விதிக்கவேண்டும் என்றுதானே வந்திருக்கிறேன் என்றேன். விதிக்கப்படாததைத் தாம் எப்படி விதிப்பது என்றார். அமெரிக்காவில் கேட்டுப் பார்க்கலாமே என்று ஓர் உபாயமும் சொன்னார்.

இந்தத் தர்க்கத்தின் நடுவில்தான், அவருடைய மேஜைமேல் கிடந்த காகிதத்தில் என் வண்டியின் அடையாள எண்ணைக் கவனித்தேன். அதன் முதல் இலக்கம் 2. அமெரிக்காவில் செய்த வண்டியானால் பெரும்பாலும் 1 அல்லது 4 அல்லது 5 என்று ஆரம்பிக்கும், மெக்ஸிகோவானால் 3, 2 என்பது கனடாவைக் குறிப்பது. அதாவது, என் கார் பிறந்ததே கனடாவில். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்து எல்லை தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணை வாசற்படியிலேயே நிறுத்தி, எந்த ஊர், யார் பெண், குங்குமத்தை ஏன் இப்படி இட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பதுபோல் இருந்தது எனக்கு. இளைஞரிடம் இதைச் சுட்டிக்காட்டியபோது, “ஆச்சரியமாக இருக்கிறதே!” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட்டதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை என்பதை நன்றியுடன் சொல்லவேண்டும்.

ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வைத்திருக்கும் சிறிய கராஜுக்கு நண்பர் ஒருவர் என்னை அனுப்பிவைத்தார். தம்பி விஷயத்தை முழுவதும் கேட்கக்கூட இல்லை. “லைட்டும் இருக்கு, வயரும் இருக்கு அண்ணை. கொம்பியூட்டருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அவ்வளவுதான்” என்றார். முதலில் பானெட்டைத் திறந்து பாட்டரியோடு ஒரு சார்ஜரை இணைத்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தளர்ந்தால் கம்ப்யூட்டர் பாதி வாக்கியத்தில் பேச்சை மறந்துவிடுமாம். பிறகு, ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 1996-லிருந்து அமெரிக்காவில் விற்ற கார்களிலெல்லாம் இருக்கும் பதினாறு முனையுள்ள துவாரத்தில் ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையை எண்ணெய்க் கைரேகை படிந்த ஒரு பழைய லாப்டாப்பில் மாட்டினார். திரையில் எண்களும் எழுத்துக்களும் மந்திர யந்திரம்போல் வரிசை வரிசையாக வந்து நின்றன. பழையதை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். பின்பு, ஓரிடத்தில் இருந்த பூஜ்யத்தை ஒன்றாக மாற்றி, ஒரு விசையைத் தட்டினார். காரின் முகப்புப் பலகை அடியோடு இருண்டது. எனக்கும் அடிவயிறு இருண்டது. அடுத்த கணம் அதிலுள்ள எச்சரிக்கை விளக்குகளெல்லாம் ஒருசேர எரிந்து அணைந்தன. “ஹாண்ட் பிரேக்கை ஒருக்கா விடுங்கோ அண்ணை” என்றார். விட்டேன். எதிர்ச்சுவரில் சாத்தியிருந்த டயர்கள்மேல் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது.

என்னை ஒரு தேசத்தின் குடியாக்குவதற்கு எத்தனையோ பத்திரங்கள், கைரேகைகள், மருத்துவப் பரிசோதனைகள், வருஷக்கணக்கில் காத்திருத்தல் எல்லாம் தேவைப்பட்டிருக்க, என் கார் ஒரு பூஜ்யம் ஒன்றானவுடன் கனடாப் பிரஜையாகிவிட்டதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? பரீட்சை செய்தவர் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, விளக்கைப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். கதவோரத்தில் ஒட்டிக்கொள்ளச் சீட்டும் வந்தது. பிரஜா உரிமையோடு முதுமையும் வந்தது என்பதுதான் வேடிக்கை: மைலைக் கிலோமீட்டராக மாற்றச் சொன்னவுடன், 40,000 மைல் ஓடிய வாலிப வண்டி கண்ணெதிரே 64,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கிழ வண்டியாகிவிட்டது.

பரிகாரம் என்று ஒன்று செய்தால் அதிலிருந்து ஒரு புதுத் தோஷம் பிறப்பது சர்க்கார் காரியங்களிலும் உண்டு. முன்னால் விளக்கு எரிகிறது, முகப்புப் பலகையும் ஜகஜ்ஜோதியாய்ப் பிரகாசிக்கிறது என்றதும், எல்லா விளக்கும் எரிகின்றன என்று எண்ணி, இரவிலும் விசையைத் தொடாமலே போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பின்புறத்தில் ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் இருட்டோடு இருட்டாகப் போகும் அந்தக் கார்களுக்குப் பிசாசு வண்டிகள் என்று கனடாவில் பெயரே வைத்துவிட்டார்கள். 2021 செப்டம்பரிலிருந்து தயாராகும் வண்டிகளில், பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தாமே எரிய வேண்டும், அல்லது முகப்புப் பலகையாவது இருண்டு கிடந்து ஓட்டுகிறவனுக்கு உறைக்க வேண்டும் என்று இதற்கும் ஒரு விதி செய்தாயிற்று. என் கார் அதற்கு மூத்தது; ஆகவே, இரவில் விசையைத் திருகும் பொறுப்பு இன்னும் என்னுடையதே.

இந்த நிலையில் கும்பகோணத்திலிருந்து என் மாமனார் விஜயம் செய்தார். இந்தியாவிலும் 2017 ஏப்ரலிலிருந்து தயாராகும் இரு சக்கர வண்டிகளின் முன்விளக்கு தானாகவே எரியும்படி விதித்திருக்கிறார்கள். அந்தச் செய்தி மகாமகக் குளத்தங்கரையை எட்டியதாகத் தெரியவில்லை. எட்டியிருந்தாலும் என் மாமனார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எதிரே வருகிறவனுக்கு வலது கையை நீட்டி, ஐந்து விரல்களையும் மூடி மூடித் திறந்து, உன் விளக்கு எரிகிறது அப்பா என்று தெரிவிப்பதை அவர் அன்றாட தர்மமாகவே அனுஷ்டித்து வந்தவர். “மாப்பிள்ளை, லைட்டை அணைக்காமலே வந்துவிட்டீர்களே, பாட்டரி தீர்ந்துவிடாதோ?” என்பதே விமான நிலையத்து வாசலில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பின்லாந்து, ஸ்வீடன், விதி 108 எல்லாவற்றையும் நான் சாங்கோபாங்கமாக விவரித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும், வீட்டுக்குப் போனதும் யாரையாவது அழைத்துக் காட்டுங்கள்” என்றார்.

இந்தப் பக்கம் வருகிற உறவினர்களை நயாகராவுக்கு அழைத்துப் போவது கனடாச் சட்டத்தில் எழுதப்படாத ஒரு விதி. அழைத்துப் போனோம். நீர்வீழ்ச்சியை ஒட்டிய தெருவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்க, எதிரே வரும் ஒவ்வொரு காரிலும் விளக்கெரிவதைக் கண்ட என் மாமனார், ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒருவரையும் விடாமல் விரல்களை மூடித் திறந்து எச்சரித்துக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அதை உபசாரமென்று எடுத்துக்கொண்டு, தானும் அதேபோல் விரல்களை மூடித் திறந்து காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள், அணைக்கவில்லை. கடைசியில், நியூயார்க் மாகாணத்து எண்பலகையோடு விளக்கே இல்லாமல் ஒரு கார் எதிர்ப்பட்டது. “பார்த்தீர்களா மாப்பிள்ளை, இந்த ஊரிலும் பொறுப்புள்ளவன் ஒருத்தன் இருக்கத்தான் இருக்கிறான்!” என்று சொல்லி, அவனுக்கு மட்டும் இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார்.